வேலூரைச் சுற்றிக்காட்ட ஆளா, செயலியா?

வேலூர் காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் லாட்ஜ் நடத்தும் எங்களில் சிலர் கொஞ்ச நாளாக ஒரு விஷயத்தைப் பேசிக்கொண்டிருக்கிறோம். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்து எங்களிடம் தங்குகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்ட ஓர் ஏற்பாடு வேண்டும். கைடு ஒருவரை வைத்துக்கொள்ளலாம். கோட்டையைப் பற்றிப் பேசி ஒலிப்பதிவு செய்து, வரவேற்பு மேசையில் க்யூஆர் கோடு ஒட்டிவிடலாம். இல்லையென்றால், இப்போதுதான் ஏஐ வந்துவிட்டதே, யாருக்கு என்ன வேண்டுமோ போனிடமே கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாம். எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்த்ததில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன். லாட்ஜ்காரர்களுக்கு மட்டுமல்ல, வேலூருக்கு இரண்டு நாள் வந்து போகிறவர்களுக்கும் இது உதவும்.

யாருக்காக இந்த ஏற்பாடு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மாமல்லபுரத்துக்கோ தஞ்சாவூருக்கோ வருகிறவர் ஊர் பார்க்கவே கிளம்பி வருகிறார். எங்கள் லாட்ஜுகளுக்கு வருகிறவர்கள் அப்படி இல்லை. மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா, வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ ரயிலேறி வந்து காட்பாடியில் இறங்குகிறார்கள். இன்று ரத்தம் கொடுத்தால் ரிசல்ட் நாளை மறுநாள், டாக்டரைப் பார்ப்பது அடுத்த திங்கட்கிழமை. நடுவில் இருக்கும் நாட்களை அறைக்குள்ளேயே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கழிக்கிறார்கள். பணத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்கிறார்கள். மனசில் எந்நேரமும் பயம். இப்படிப்பட்ட ஒருவரை ஒரு சாயங்காலம் வெளியே கூட்டிப்போவதைப் பற்றித்தான் பேசுகிறோம். அதை விட்டுவிட்டு, செயலி நல்லதா, கைடு நல்லவரா என்று பொதுவாகப் பேசினால் பதில் தப்பாகத்தான் வரும்.

இயந்திரம் எந்தெந்த வேலையை எடுத்துக்கொள்ளும் என்று 2013-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் கார்ல் ஃப்ரே, மைக்கேல் ஆஸ்போர்ன் இருவரும் 702 தொழில்களை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். அமெரிக்காவின் தொழில் பட்டியலை வைத்துப் போட்டது. ஓர் இடத்தைச் சுற்றிக்காட்டி விளக்கம் சொல்கிற கைடின் வேலை இயந்திரத்துக்குப் போக 91 சதவீதம் வாய்ப்பு இருப்பதாக அதில் வருகிறது. அதே பட்டியலில், பயணத்தைத் திட்டமிட்டு, கூடவே போய், வழியில் வருகிற சிக்கலைச் சமாளித்து ஆட்களைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருகிறவரின் வேலைக்கு 6 சதவீதம்கூட இல்லை. நம் ஊரில் இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆள்தான் செய்கிறார். அதனால்தான் "கைடு தேவையா?" என்ற கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாமல் போகிறது. சொல்கிற வேலையில் பெரும்பகுதியை இயந்திரத்திடம் கொடுத்துவிடலாம், கூட வருகிற வேலையைக் கொடுக்கக் கூடாது என்பது என் முடிவு. எப்படி அங்கே வந்து சேர்ந்தேன் என்பதற்குக் கொஞ்சம் விவரம் வேண்டும்.

போனில் இருக்கும் ஏஐயை முதலில் பார்ப்போம். அதன் பெரிய பலம் மொழி. வங்காளமும் பேசி, கோட்டையின் சரித்திரமும் தெரிந்த கைடு வேலூரில் கிடைப்பது கஷ்டம். எங்கள் ரூம் பையன்கள் வந்து போகிறவர்களிடம் பழகிப் பழகி வங்காளம் பேசுவார்கள். வெந்நீர், மாத்திரை, மீன் குழம்பு வரைக்கும் அது தாராளமாகப் போதும். 1806-இல் கோட்டையில் நடந்த சிப்பாய்க் கிளர்ச்சியை விளக்கப் போதாது. போன் எந்த மொழியில் கேட்டாலும் அந்த மொழியிலேயே பதில் சொல்கிறது. படிக்கத் தெரியாத பெரியவர்கூட வாயால் கேட்டுக் காதால் தெரிந்துகொள்ளலாம். ஒரே கேள்வியை நாலு தடவை கேட்டாலும் அதற்குச் சலிப்பு வராது. கூச்சப்படுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பதை நான் நேரில் பார்க்கிறேன். தனியாகக் காசும் கொடுக்க வேண்டியதில்லை.

அதன் குறை, தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்வது. வேலூர்க் கோட்டைக்குள் டிப்பு மஹால், ஹைதர் மஹால் என்று கட்டடங்கள் இருக்கின்றன. ஒரு செயலியிடம் நான் கேட்டுப் பார்த்தபோது, திப்பு சுல்தான் இங்கே சிறை வைக்கப்பட்டிருந்தார் என்று நிதானமாகச் சொன்னது. திப்பு 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரிலேயே இறந்துவிட்டார். இங்கே கொண்டுவந்து வைத்தது அவருடைய பிள்ளைகளையும் குடும்பத்தையும். வெளியூர்க்காரருக்கு இது தெரிய வழியில்லை, சொல்கிற குரலிலும் தயக்கம் இருக்காது. இன்னொன்று, பழைய தகவல். தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981-இல் கோட்டைக்குள் கொண்டுவந்து ஜலகண்டேஸ்வரரைப் பிரதிஷ்டை செய்த அன்றே அதன் கடைசிப் பகுதி காலாவதியாகிவிட்டது. 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு, குடைவரைக் கோயில் இருக்கும் மகேந்திரவாடி ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போய்விட்டது. பழைய பக்கங்களைப் படித்து வளர்ந்த இயந்திரத்துக்கு இதெல்லாம் எப்போதும் பிடிபடும் என்று நம்பி இருக்க முடியாது.

ஸ்ரீபுரம் பொற்கோயிலில் இந்தப் போட்டிக்கே இடமில்லை. செல்போனை உள்ளே விடமாட்டார்கள். நட்சத்திர வடிவப் பாதையில் கூட்டத்தோடு நடந்தால் அதுவே கொண்டுபோய் விட்டுவிடும். சுமார் 1,500 கிலோ தங்கம், 2007-இல் கும்பாபிஷேகம் என்ற இரண்டு தகவலையும் கிளம்பும் முன் லாட்ஜிலேயே சொல்லி அனுப்பினால் போதும். அங்கே கைடுக்குக் கொடுக்கும் காசு வீண்.

அடுத்தது பதிவு செய்த குரல். எங்கள் பேச்சில் இதைத்தான் எல்லாரும் பழசு என்று ஒதுக்கினார்கள். பழசுதான், ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடெலிக் அருங்காட்சியகத்தில் 1952-லேயே பார்வையாளர்கள் காதில் கருவியை வைத்துக்கொண்டு விளக்கம் கேட்டார்கள். ஆனால் நம் கோட்டைக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. ஒரு ஒழுங்கில் சொல்ல வேண்டிய கதை அது, யார் சொன்னாலும் மாறக்கூடாத கதை.

1805 நவம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைத் தளபதி ஜான் கிரடாக்கின் காலத்தில் புது விதிகள் வருகின்றன. நெற்றியில் விபூதி, நாமம் கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை மழிக்க வேண்டும். தோல் வைத்துத் தைத்த புதுமாதிரித் தலைப்பாகையை எல்லாரும் போட்டுக்கொள்ள வேண்டும். மறுத்தவர்களுக்குக் கசையடி. 1806 ஜூலை 9 அன்று கோட்டைக்குள் திப்புவின் மகள் ஒருவருக்குக் கல்யாணம். மறுநாள், 10-ஆம் தேதி விடிவதற்கு முன்பே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்துவிட்டார்கள். கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார், மைசூர்க் கொடி ஏறியது. கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த ஓர் அதிகாரி ஆற்காட்டுக்குக் குதிரையில் பறக்கிறார். சுமார் 25 கிலோமீட்டர். அங்கிருந்து கில்லஸ்பி என்பவர் குதிரைப்படையோடும் சிறு பீரங்கிகளோடும் வந்து, அன்றைக்கே கிளர்ச்சியை அடக்கிவிட்டார். நூற்றுக்கணக்கில் சிப்பாய்கள் செத்தார்கள். கிரடாக்கும் கவர்னர் வில்லியம் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். 1857-க்கு அரை நூற்றாண்டு முன்னால் நடந்தது இது.

இதை அகழிப் பாலத்தில் ஆரம்பித்து, உள்ளே மஹால்கள் வழியாக நடந்து, மக்கான் சந்திப்பில் இருக்கும் நினைவுத் தூணில் முடிகிற மாதிரி, ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று நிமிஷம் என்று வங்காளத்திலும் இந்தியிலும் தமிழிலும் பதிவு செய்துவிடலாம். விவரம் தெரிந்த ஒருவர் ஒரு தடவை சரிபார்த்துவிட்டால் அப்புறம் தப்பு நுழையாது. ஏஐயைவிட இதை நான் நம்புவதற்குக் காரணம் அதுதான். நேற்றுச் சொன்னதையே இன்றைக்கும் சொல்லும். தப்பு இருந்தால் எங்கே இருக்கிறது என்று காட்டித் திருத்தவும் முடியும்.

ஆனால் அந்தப் பதிவுக்கு என்ன எழுதுவது? எங்களுக்குத் தெரிந்த வயசான கைடு ஒருவர் இருக்கிறார். கல்கத்தாக்காரர்கள் யாராவது வந்தால் மஹால் வாசலில் நின்று முதலில் அவர் சொல்வது தர்மதல்லா மசூதியைப் பற்றித்தான். கிளர்ச்சிக்குப் பிறகு திப்புவின் குடும்பத்தைக் கம்பெனிக்காரர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். சின்னப் பிள்ளையாக இந்தக் கோட்டையில் இருந்த கடைசி மகன் குலாம் முகமது, பெரியவராகி அங்கே கட்டிய மசூதிதான் அது. "தாதா, நீங்க தினமும் பஸ்ல தாண்டிப் போற மசூதியைக் கட்டினவர் இந்த வாசல்லதான் விளையாடி இருப்பார்" என்று அவர் தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகமே மாறிவிடும். அதுவரை வேறு யாருடைய கோட்டையாகவோ இருந்தது அவருக்கும் சம்பந்தப்பட்ட இடமாக ஆகிவிடுகிறது. இந்தத் தகவல் போனிலும் இருக்கிறதுதான். கேட்கத் தெரிந்தால் சொல்லும். இந்த ஆளுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது அந்தப் பெரியவருக்கு. நல்ல பதிவு வேண்டுமென்றால் அவரைப் போன்றவரை உட்கார வைத்துத்தான் எழுத வேண்டும்.

ஆட்டோ அண்ணன்களையும் டிராவல்ஸ் டிரைவர்களையும் பற்றி ஒரு வார்த்தை. ஏலகிரிக்குப் போக அவர்களே போதும். 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் என்பதை ஒவ்வொரு திருப்பத்திலும் போர்டே சொல்லிவிடும். இந்தி சரளமாகப் பேசுவார்கள், எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வருவார்கள். புடவைக் கடை கமிஷன் விஷயத்தை மட்டும் முதலிலேயே கறாராகப் பேசிக்கொள்ள வேண்டும்.

மனித கைடுகள் பொய்யே சொல்வதில்லை என்று நான் சொல்லமாட்டேன். கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரத்துக்குச் சுரங்கப்பாதை இருக்கிறது என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. தொல்லியல் துறையினர் ஆராய்ந்ததில் அப்படி ஒன்றுக்குச் சான்று கிடைக்கவில்லை. அகழியில் பத்தாயிரம் முதலைகள் இருந்தன என்பார்கள். கோட்டைக் கோயிலின் கல்யாண மண்டபத்தைப் பிரித்து லண்டனுக்குக் கொண்டுபோக வந்த கப்பல் மூழ்கிப்போன கதையும் உண்டு. கதையைக் கதை என்று சொல்லிச் சொன்னால் எனக்கு ஆட்சேபணை இல்லை. மனப்பாடம் செய்ததை எல்லாருக்கும் ஒரே ராகத்தில் ஒப்பித்துவிட்டுக் கை நீட்டுகிறவரின் வேலையைப் பதிவு செய்த குரல் எடுத்துக்கொள்ளும். அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

கூட ஆள் இருந்தே ஆக வேண்டிய இடங்கள் வேறு. கல்யாண மண்டபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைகிறவர்கள் யாளியையும் குதிரை வீரர்களையும் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நடு மேடையில் ஏறி நின்று அண்ணாந்து பார்த்தால் மேல்கூரையில் ஒரு தாமரை இருக்கும், அதைச் சுற்றி வட்டமாகக் கிளிகள் தலைகீழாகத் தொங்கும். ஒருவர் தோளைத் தொட்டு "இங்க வந்து நில்லுங்க, இப்போ மேல பாருங்க" என்று சொன்னால்தான் அது கண்ணில் படுகிறது. பதிவிலும் சொல்லலாம்தான். ஆனால் எந்தத் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்று பதிவுக்குத் தெரியாது. போனைக் கையில் பிடித்திருக்கிறவர் பாதி நேரம் போனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே பிராகாரத்தில் மணி காட்டும் கல் ஒன்று இருக்கிறது. அரைவட்டமாகக் கோடும் எண்ணும் வெட்டி, மேலே ஒரு காடி விட்டிருப்பார்கள். தெரியாதவர்களுக்கு அது ஓரமாகக் கிடக்கிற ஒரு கல். கூட வந்தவர் கீழே கிடந்த ஈர்க்குச்சி ஒன்றை எடுத்துக் காடியில் வைக்கிறார். நிழல் ஓர் எண்மேல் விழுகிறது. உடனே எல்லாரும் அவரவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். குழந்தைகள் தாங்களே வைத்துப் பார்க்க வேண்டும் என்று குச்சிக்குச் சண்டை போடுகின்றன. மேகம் மூடியிருந்தால் இது நடக்காது, அதனால் வெயில் இருக்கிற வேளையாகப் பார்த்துக் கூட்டிப்போக வேண்டும். வேலூரிலிருந்து 15 கிலோமீட்டர் அளவில் இருக்கிற கோயில் இது. கோட்டைக்கு வருகிறவர்களில் நூற்றில் ஒருவராவது அங்கே போகிறாரா என்றால் சந்தேகம்தான்.

வள்ளிமலையும் அப்படித்தான். முருகனைக் கும்பிட வருகிற கூட்டத்தில் பலர் அந்த மலைப்பாறையில் 9-ஆம் நூற்றாண்டுக் கங்க மன்னர் காலத்துச் சமணச் சிற்பங்கள் இருப்பதை அறியாமலே இறங்கிவிடுகிறார்கள். அவற்றைப் பற்றி வங்காளத்தில் யார் எழுதியிருக்கப் போகிறார்கள்? தமிழிலேயே கொஞ்சம்தான். யாரோ எழுதி வைத்ததைத்தான் இயந்திரம் எடுத்துச் சொல்கிறது. இந்த மலையில் ஏறி இறங்கி விவரம் சேர்த்த ஆட்கள், போன் இலவசமாகச் சொல்கிறதே என்று யாரும் கூப்பிடாமல் போய், வேறு வேலைக்குத் திரும்பிவிட்டால் நாளைக்குப் போனுக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது. எனக்கு இருக்கும் கவலையில் பெரியது இதுதான். செயலி கைடைவிடத் திறமையாகிவிடும் என்பதில் எனக்குப் பயமில்லை. சுமாரான பதில் ஓசியில் கிடைப்பதால் நல்ல ஆளுக்குக் கூலி கிடைக்காமல் போய்விடும், அதைத்தான் பயப்படுகிறேன்.

இனி, எங்கள் விருந்தினர்களை வைத்துப் பார்க்கும்போது எல்லாவற்றையும்விட முக்கியமாக எனக்குப் பட்ட விஷயம். பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் கண்டியின் கடைசி அரசர் விக்கிரம ராஜசிங்கனின் சமாதி இருக்கிறது. 1815-இல் பிடிபட்டவர், வேலூர்க் கோட்டையில் காவலில் இருந்து 1832-இல் இங்கேயே இறந்துபோனார். அந்தப் பெரியவர் ஒரு குடும்பத்துக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நானும் கூட இருந்தேன். அந்த அம்மாவின் மகனுக்கு இரண்டு நாளில் ஆபரேஷன். ஊர் திரும்பாமல் இங்கேயே இறந்துபோனார் என்கிற இடம் வரப்போகிறது. அவர் அந்த அம்மாவின் முகத்தை ஒரு தரம் பார்த்தார். கதையை அங்கேயே விட்டுவிட்டு, "அம்மா, ரொம்ப நேரம் நின்னுட்டீங்க, இப்படி நிழல்ல உக்காருங்க" என்றார். அப்புறம் பாலாற்றில் எப்போது வெள்ளம் வந்தது, கரையில் என்ன பயிர் வைக்கிறார்கள் என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார். வரலாறு முழுசாகச் சொல்லப்படவில்லைதான். அந்த நேரத்தில் சொல்லாமல் விட்டதுதான் சரி. பதிவு செய்த குரல் தன் மூன்று நிமிஷத்தை முடிக்காமல் விடாது. ஏஐயும் கேட்டதற்கு முழுப் பதில் சொல்லும், கேட்டவரின் முகத்தைப் பார்க்காது.

இதேபோல் கால் வீங்கியிருக்கிறது, நடக்கவிடக் கூடாது என்று கவனிப்பது, மாத்திரை நேரத்துக்கு டீக்கடையில் நிறுத்துவது, சிஎம்சியிலிருந்து திடீரென்று கூப்பிட்டால் பாதியில் ஆட்டோ பிடித்துத் திருப்பி அனுப்புவது. இவையெல்லாம் சரித்திர அறிவில் சேர்ந்தவை இல்லை. எங்கள் ஊரில் கைடு வேலையில் பாதி இதுதான்.

ஆகவே நான் சிபாரிசு செய்வது இப்படி. கோட்டைக்குப் பதிவு செய்த குரல், மூன்று மொழியில். தனியாகப் போக விரும்புகிற இளவட்டங்களுக்கு அது தாராளம். பஸ் எங்கே, சாப்பாடு எங்கே, இந்த வார்த்தைக்குத் தமிழில் என்ன என்பதற்கெல்லாம் போன். ஏலகிரிக்கு டிரைவர், ஸ்ரீபுரத்துக்கு யாரும் வேண்டாம். விரிஞ்சிபுரம், வள்ளிமலை, மகேந்திரவாடிக்குக் கட்டாயம் ஆள். நோயாளியோ வயசானவர்களோ கூட வருகிறார்கள் என்றால் எந்த இடமாக இருந்தாலும் ஆள்தான், அதில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். நாலைந்து லாட்ஜ்கள் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டால் யாருக்கும் பாரமாக இருக்காது.

ஆள் எங்கே கிடைப்பார் என்று கேட்டால், நம் வரவேற்பு மேசைக்குப் பின்னாலேயே பாருங்கள். வங்காளம் பேசுகிற ரூம் பையன்களில் ஆர்வம் உள்ளவர்களை மத்திய சுற்றுலா அமைச்சகம் ஆன்லைனில் நடத்தும் இன்க்ரெடிபிள் இந்தியா டூரிஸ்ட் ஃபெசிலிடேட்டர் படிப்பில் சேர்த்துவிடலாம். ஒரு வருஷம் பெரியவரோடு அனுப்பினால் விரிஞ்சிபுரத்துக் குச்சியும் வள்ளிமலைப் பாறையும் அவர்கள் கைக்கு வந்துவிடும். மொழி ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது.

பணத்தை இரண்டு இடத்தில் ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். ஒலிப்பதிவுக்கு விஷயம் சொல்கிறவருக்கு ஒரு தடவை தொகை கொடுத்துக் கைகழுவாமல், பதிவு ஓடுகிற காலம் வரைக்கும் மாதாமாதம் ஒரு பங்கு போக வேண்டும். அப்புறம், இங்கே அப்பாயின்ட்மென்ட் மாறினால் சுற்றுலாவும் நின்றுபோகும். அப்படி நின்றுபோன நாளுக்கும் கைடுக்குப் பாதிக் கூலியாவது லாட்ஜ் கொடுக்க வேண்டும். வருகிறவரிடம் அதைக் கேட்கக் கூடாது. வெள்ளிக்கிழமை கோட்டை அருங்காட்சியகம் விடுமுறை, மதியத்தில் கோயில் நடை சாத்தியிருக்கும் என்கிற இரண்டு வரியை க்யூஆர் அட்டையில் வங்காளத்தில் முதலிலேயே அச்சடித்துவிடலாம்.